ஆம்பூரில் ஒரு டப்பா ரப்பர் பால்

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு அடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். அப்படிப்பட்டவளைத் தனியாக இந்தியாவுக்கு அனுப்ப என் தம்பி குணாவுக்கு மனமே இல்லை. ஆனால் எங்கள் பட்டறையில் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவன் அவன், வெளியாட்களிடம் பேசத் தெரிந்தவள் நான். வேறு வழியில்லாமல் நான்தான் பெட்டியைக் கட்டினேன்.

மலேசியாவில் கிள்ளான் எங்கள் ஊர். அக்காவும் தம்பியும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தோம். அதை விட்டுவிட்டு இப்போது வாடகைக் கொட்டகை ஒன்றில் தோல் மாதிரியான ஒரு விரிப்பைச் செய்கிறோம். அன்னாசி இலை நாரையும் ரப்பர் பாலையும் கலந்து, பருத்தித் துணிமேல் ஊற்றி, உருளையில் அழுத்தி எடுப்போம். தொட்டுப் பார்த்தால் தோல் என்றுதான் சொல்வீர்கள். கடைகளில் தோல் மாதிரி விற்கிற ரெக்சின் எல்லாம் துணிமேல் பூசிய பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தெடுத்ததில் இருந்து வருவது. எங்களுடையதில் பெட்ரோலியம் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பதுதான் எங்கள் விளம்பரம். பிழைப்பும் அதுதான்.

ஹாலந்து நாட்டுக் காலணி நிறுவனம் ஒன்று எங்கள் விரிப்பைக் கேட்டது. அவர்களுக்கு ஷூ தைத்துக் கொடுப்பது ஆம்பூரில் ஒரு தொழிற்சாலை. அங்கே போய் எட்டு ஜோடி சாம்பிள் செய்து காட்டுங்கள், பிடித்தால் ஆர்டர் என்றார்கள். பிடிக்காவிட்டால் இயந்திரத்தை விற்றுவிட்டுக் கையுறைக்கே திரும்பிவிடலாம் என்றான் குணா. சோறு தின்றுகொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்.

சென்னையில் நான் ஏறிய ரயில் ஆம்பூரில் நிற்காது. காட்பாடியில் இறங்கி, அன்றிரவு வேலூரில் தங்கினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். வரவேற்பு மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பேஷன்ட் யாரும்மா? கூட எத்தினி பேரு?” என்று கேட்டார். பேஷன்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். “அப்போ இன்னாத்துக்கு வேலூர் வந்தீங்க?” ஷூ செய்ய என்று சொன்னேன். சாவியைக் கொடுக்கும்போது என்னையே ஒரு பேஷன்ட் மாதிரித்தான் பார்த்தார்.

அந்தச் சந்தில் பெயர்ப்பலகைகள் பாதி வங்காள மொழியில் இருந்தன, ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து அவ்வளவு பேர் வருகிறார்களாம். என் பக்கத்து அறையிலும் ஒரு வங்காளக் குடும்பம். நடைபாதையில் ஓர் இளம்பெண் மேசைக்காரரிடம் என்னவோ அழுதுகொண்டே கேட்டாள். அவரும் வங்காளத்திலேயே பதில் சொன்னார். என்னவாம் என்று கேட்டேன். “அவுங்கப்பாவுக்கு நாளைக்கு ரிப்போர்ட் வருதாம். பயமா இருக்குது, தூக்கம் வரல, என்ன பண்றதுன்னு கேக்குது” என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். “டீ சாப்புடுமான்னேன். வேற இன்னா சொல்றது?” நான் ஒரு ஷூவுக்காகப் பயந்துகொண்டிருப்பதை நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

காலையில் பசியாறப் போனேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்போம், இங்கே ‘டிபன்’. இட்லி பூவாக இருந்தது. வடகறி என்று ஒன்று வைத்தார்கள், அதற்காகவே வேலூருக்கு இன்னொரு தடவை வரலாம். டீயைக் காகிதக் கப்பில் கொடுத்தார்கள். அந்தக் கப்பின் உட்புறத்தில் மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். என் தொழில் எனக்குக் கொடுத்த வியாதி இது. எதைப் பார்த்தாலும் இதில் எவ்வளவு பெட்ரோலியம் என்று மனம் கேட்கும். கண்ணாடி டம்ளரில் மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் மாற்றித் தந்தார், ஆனால் அதைக் கழுவியது ஒரு பிளாஸ்டிக் வாளியில்.

பேருந்து நிலையத்தில் ஆம்பூர் பேருந்தில் ஏறும்போது விரிப்புச் சுருளைத் தோளில் சாய்த்து வைத்திருந்தேன். கைப்பையில் ஒரு டப்பா ரப்பர் பால் கோந்து. மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டுவதற்கென்று குணா காய்ச்சிக் கொடுத்தது. சுருளைக் கடைசி இருக்கைக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். கண்டக்டர் விடவில்லை. “அங்க வெச்சா மிதிச்சு நாஸ்தி பண்ணிடுவாங்கம்மா. முன்னாடி குடுங்க, டிரைவர் பக்கத்துல பத்திரமா இருக்கும்.” நல்ல மனிதர். அவரே தூக்கிக்கொண்டு போய் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் பெட்டிமேல் வைத்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பள்ளிகொண்டாவைத் தாண்டி டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். பக்கத்தில் பாலாறு, ஆற்றைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது: மணல், முள், ஆடு, கிரிக்கெட். டயர் மாற்றி முடிக்கும்வரை வண்டியின் இன்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்புவது சந்தேகமாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சுருளைத் தொட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. ரப்பருக்குச் சூடு ஆகவே ஆகாது. அதற்குமேல் ஆம்பூர்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு, தினமணியால் விசிறிக்கொண்டே வந்தேன்.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. வாசலில் இறங்கியதும் பதனிட்ட தோலின் வாடை மூக்கில் ஏறியது. மேலாளர் ரஃபீக், ஒல்லியான, சுறுசுறுப்பான மனிதர். என்னை உட்காரவைத்துவிட்டுத் தொலைபேசியில் யாரிடமோ உருதுவில் பேசினார். சாம்பிள் அறை சூப்பர்வைசர் ஸ்டெல்லா என் காதருகே குனிந்தார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். “உங்களப் பத்திதான் பேசுறாரு. மலேசியா மேடம் வந்துட்டாங்க, ரொம்ப பயந்தவங்களா தெரியுது, நல்ல பிரியாணியா வாங்கியாங்கன்றாரு.” உருது தெரியுமா என்றேன். “இந்த ஊர்ல பொறந்துட்டு தெரியாம இருக்குமா?” என்று சிரித்தார்.

சுருளை மேசைமேல் பிரித்தோம். வெளிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் நார் நாராக வந்தது. ஸ்டெல்லா நல்லதை மட்டும் ஒதுக்கி, மேலே அட்டை வடிவங்களைப் பரப்பித் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். கடைசியில், “எட்டு ஜோடிக்கு வரும் மேடம். ஆனா ஒண்ணு வீணாப்போனா மறுபடி வெட்ட துண்டு கெடையாது” என்றார். ஹாலந்தில் இருந்து பார்க்க வருபவர் நான்காம் நாள் வந்துவிடுவார். கிள்ளானில் இருந்து புதுச் சுருள் வருவதற்குள் அவர் ஊர் திரும்பிவிடுவார்.

மதியம் பிரியாணி வந்தது. அரிசி குட்டையாக, காரம் அளவாக, கறி வெண்ணெய் மாதிரி. கூடவே கத்திரிக்காய்த் தொக்கு. எங்கள் ஊரில் நாசி பிரியாணி என்று நீளநீளமாக மஞ்சள் சோறு போடுவார்கள். அதை இனி வாயில் வைப்பேனா என்பது சந்தேகம். நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்ததை ஸ்டெல்லா பார்த்துக்கொண்டே இருந்தார். “தோலு வேணான்னு ஷூ பண்றீங்க, கறி மட்டும் ஓகேவா மேடம்?” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். தோலோடு எனக்குச் சண்டை இல்லை, ரெக்சினோடுதான் என்று விளக்கினேன்.

“தோலுக்கும் மேல கோட்டிங் இருக்கு மேடம்” என்றார் ரஃபீக். “பளபளன்னு இருக்குதே, அது இன்னா? அதுவும் பிளாஸ்டிக்தான். தனித்தோலா யாரு கேக்குறாங்க இப்போ?”

அன்று பிற்பகல் முழுக்க அதே வேலையாகப் போயிற்று. ஒரு ஷூவைப் பிரித்து வைத்து, எதில் எண்ணெய் இருக்கிறது என்று பார்த்தோம். தையல் நூல் நைலான், அதற்குப் பதில் நான் மெழுகிட்ட பருத்தி நூல் கொண்டுவந்திருந்தேன். முன்பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற துணி பிளாஸ்டிக் ஊட்டியது, அதற்கு எங்கள் விரிப்பையே இரண்டாக மடித்து மாவுப் பசை போட்டோம். உள்ளங்காலுக்குக் கீழே இருக்கிற மெத்தை நுரையும் எண்ணெய்தான், அதை எடுத்துவிட்டுத் தக்கை வைத்தோம். அடிப்பாகத்துக்கு இயற்கை ரப்பர். கரும்பில் இருந்து நுரை அடிப்பாகம் செய்கிறார்கள், ஆமணக்கெண்ணெயில் இருந்து நைலானே செய்கிறார்கள், சோளமாவில் பை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே இருந்தார். “அப்போ எல்லாம் வயல்ல வெளையிறது. சாப்புட இன்னா வெளையும்?” என்றார். எங்களுடையது அறுவடை முடிந்து எரிக்கிற அன்னாசி இலை என்று சொன்னேன். அதுமட்டும் உண்மை.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ரப்பர் இறுகக் கந்தகம் வேண்டும். சந்தையில் கிடைக்கிற கந்தகத்தில் பெரும்பாலானது பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது பிரித்து எடுப்பது. எங்கள் விரிப்பில் ஒரு சிட்டிகைதான். ஆனாலும் ‘ஒரு சொட்டுக்கூட இல்லை’ என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சிட்டிகை நினைவுக்கு வரும்.

இரண்டாம் நாள் ஷூக்கள் உருவாயின. பேஸ்டிங் செய்பவர் பெயர் ஏழுமலை. மேல்பாகத்தை அடிப்பாகத்தோடு ஒட்டுகிற வேலை அவருடையது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம், வெகுகாலமாக இதே நாற்காலி. அவர் வழக்கமாகப் பயன்படுத்துவது ‘சொல்யூஷன்’ என்கிற பசை, பெட்ரோலியப் பசை. அதற்குப் பதில் என் டப்பாவைக் கொடுத்தேன். மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி. “அய்யோ மேடம், கண்ணு எரியுது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் தூரிகையால் அழகாகப் பூசினார். வெள்ளையாக இருந்த பால் காயக் காயக் கண்ணாடி மாதிரி ஆவதைப் பார்த்து, “பரவால்லயே” என்றார்.

எட்டு ஜோடியில் ஒன்றை யாராவது ஒருநாள் முழுக்கப் போட்டு நடந்திருக்க வேண்டும் என்பது ஹாலந்துக்காரர்கள் வைத்த நிபந்தனை. முதலில் முடிந்த ஜோடியை என் கால் அளவுக்கே செய்து என்னிடம் கொடுத்தார்கள். கட்டம் போட்ட சிமெண்டுத் தரையில் நடந்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கடிக்கவில்லை, வழுக்கவில்லை. அன்று மட்டும் பயம் கொஞ்சம் குறைந்தது, இரவில் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டே குடியாத்தம் போனேன். ஒவ்வொரு ஜோடியையும் வைக்கப் பிளாஸ்டிக் உறைக்குப் பதில் துணிப்பை தைக்கலாம் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தார். தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு லுங்கி. ஒரு கடையில் வெள்ளைத்துணி எடுத்துக் காட்டினார்கள். சுத்தப் பருத்தியா என்றேன். “பியூர் காட்டன்மா” என்றார் கடைக்காரர். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு கருப்பு மணியாக உறைந்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. “எல்லாரும் இத்தத்தான் கேக்குறாங்க. சுருங்காது, சாயம் போவாது, ரேட்டும் கம்மி. உங்களுக்கு எரியுற துணிதான் வேணும்னா உள்ள இருக்குது, இருங்க” என்று போய்க் கைத்தறித் துணி எடுத்துவந்தார். அது சாம்பலாயிற்று.

திரும்பும்போது பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. காலை யாரோ மிதித்தார்கள். இறங்கிப் பார்த்தபோது இடது ஷூவின் முன்பக்கத்தில், விரல் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் தெரிந்தது. அடிப்பாகம் மேல்பாகத்தை விட்டு விலக ஆரம்பித்திருந்தது. மிதிபட்டதால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நடுரோட்டில் குனிந்து குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், “அம்மா, ஆட்டோ வேணுமா, செருப்புக் கடை வேணுமா?” என்று கேட்டார்.

சாம்பிள் அறைக் கதவைத் திறந்ததுமே அந்த நெடி வந்தது. என் அமோனியா இல்லை. சொல்யூஷன். ஏழு ஜோடியும் மேசைமேல் வரிசையாக, துடைத்துப் பளிச்சென்று நின்றன. ஏழுமலை எழுந்து வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“மேடம், நீங்க போனப்புறம் ரெண்டு ஜோடி வாயப் பொளந்துடுச்சு. உங்க பாலு முன்பக்கம் மட்டும் புடிக்கல. நான் விடுவனா? எல்லாத்துக்கும் முன்னாடி லைட்டா நம்ம சொல்யூஷன் போட்டு பிரெஸ்ஸுல வெச்சு எடுத்துட்டேன். இனிமே யான இழுத்தாலும் வராது. பாருங்க, இழுத்துப் பாருங்க.”

நான் இழுத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் ஷூ செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு அவமானம்தான் உண்டு என்று ரஃபீக் முதல்நாளே சொல்லியிருந்தார். வாய் பிளந்த ஷூ வெளியே போகக்கூடாது. மற்ற எந்தக் குறையையும் பேசிச் சமாளிக்கலாம், இதை முடியாது. ஏழுமலை அந்த அவமானத்தில் இருந்து என்னைக் காப்பாற்றியிருந்தார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனமே வரவில்லை. அழுகைதான் வந்தது.

அந்தப் பசை எதில் இருந்து வருகிறது, எட்டு ஜோடியும் எதற்காக என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “லைட்டாத்தான் மேடம் போட்டேன்” என்றார். ஸ்டெல்லா குறுக்கே வந்தார். “அவர எதுவும் சொல்லாதீங்க. என்ன கேட்டுத்தான் போட்டாரு. நான்தான் சரின்னேன்.” பிரித்து மறுபடி ஒட்டலாமா என்று கேட்டேன். பிரித்தால் விரிப்பு கிழியும் என்றார் ஏழுமலை. வெட்டத் துண்டு கிடையாது. எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

மாலையில் குணாவைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சொல்லாதக்கா” என்றான். “ஷூவ வெட்டியா பார்க்கப் போறாங்க? பசைய எவன் பிரிச்சுப் பார்ப்பான்?”

“கேட்டா?”

“கேக்க மாட்டாங்க. நீயா வாயத் திறக்காம இருந்தா போதும்.” பிறகு சொன்னான்: “இயந்திரத்தப் பார்க்க இன்னைக்கு ஓர் ஆள் வந்துட்டுப் போனான். நாளைக்கு பதில் கேக்குறான்.”

இதை ஏன் இப்போது சொன்னான் என்று எனக்குப் புரிந்தது. அவன்மேல் கோபம் வந்தது, அடுத்த நொடியே பாவமாகவும் இருந்தது. சரி, சொல்லவில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வைத்தேன். ஸ்டெல்லா தைத்து வைத்திருந்த கைத்தறிப் பைகளில் ஏழு ஜோடியையும் போட்டு முடிச்சுப் போட்டேன்.

ஹாலந்துப் பெண்மணி மறுநாள் காலை சென்னையில் இருந்து காரில் வந்தார். நெடுநெடுவென்ற உயரம், நரைத்த குட்டை முடி. மதியம் திரும்பியாக வேண்டும், இரவு விமானம் என்று நுழையும்போதே சொல்லிவிட்டார். ரஃபீக், ஸ்டெல்லா, ஏழுமலை, நான் எல்லோரும் சுவரோரம் நின்றோம். ஒவ்வொரு ஷூவாக எடுத்தார், வளைத்தார், முன்பக்கத்தைக் கட்டைவிரலால் இழுத்தார், முகர்ந்தார். கடைசியில் ஆங்கிலத்தில், “ரொம்ப நன்றாக இருக்கிறது. இவ்வளவு உறுதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை” என்றார்.

ரஃபீக் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்கும். அந்த அம்மையார் பையில் இருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்தார். கடையில் ஷூவில் தொங்கவிடுகிற அட்டை. பச்சை எழுத்து. ‘இதில் பெட்ரோலியம் இல்லை’ என்று அச்சடித்திருந்தது. எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒவ்வொன்றாக ஷூக்களில் மாட்டினார். ஏழாவதில் மாட்டும்போது நான் வாயைத் திறந்துவிட்டேன்.

பயந்தவள் ஒருதடவை பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. முன்பக்கத்தில் பெட்ரோலியப் பசை இருக்கிறது என்றேன். உறுதியாக இருப்பதே அதனால்தான் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கந்தகத்தையும் சொன்னேன். அது எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன். தோட்டத்தில் இருந்து இலையை ஏற்றிவருகிற லாரி டீசலில் ஓடுகிறது என்றுகூடச் சொன்னேன். ரஃபீக் கண்ணை மூடிக்கொண்டார். குணா அங்கே இருந்திருந்தால் சுவரில் முட்டிக்கொண்டிருப்பான்.

அந்த அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “லாரியைப் பற்றி நான் கேட்கவில்லையே” என்றார். சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்று தெரியவில்லை. மாட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்று கழலும்போதும் எங்கள் கொட்டகையில் ஒவ்வொரு விளக்காக அணைகிற மாதிரி இருந்தது. கழற்றி முடித்துக் கட்டி, பையில் வைத்துக்கொண்டு, “அந்தப் பசை இல்லாத ஷூ ஒன்றாவது இருக்கிறதா?” என்று கேட்டார்.

இருந்தது, என் காலில். கழற்றி மேசைமேல் வைத்தேன். தூசி, ஒரு மிதிச் சுவடு, இடது ஷூவின் முன்பக்கத்தில் அந்தக் கீறல். இரவுக்குள் அது இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அவர் அதில் விரலை நுழைத்துப் பார்த்தார். “ஏழு ஜோடி வேண்டாம். இதை மட்டும் எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கிறேன். தாங்கினால் பேசலாம்” என்றார்.

ரஃபீக் அதைத் தமிழில் சொன்னதும் ஏழுமலை சுவரை விட்டு வந்தார்.

“அத்த குடுக்காதீங்க சார்.”

“ஏழுமலை, அவுங்க கேக்குறாங்க.”

“கேக்கட்டும். வாய் பொளந்த ஷூ இங்கிருந்து போவக் கூடாது. நான் ஒட்டித் தரேன். மேடம் பாலுலயே ஒட்டித் தரேன். முந்தாநேத்து அவசரத்துல சரியா ராவல, அதான் புடிக்கல. பத்து நிமிஷம் நிக்கச் சொல்லுங்க.”

அந்த அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரஃபீக் அவரிடம் கெஞ்சுகிற மாதிரி எதையோ சொன்னார். ஏழுமலை அதற்குள் ஷூவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கீறலை மெதுவாக அகலப்படுத்தி, உள்ளே உப்புத்தாளைச் சுருட்டி விட்டு ராவினார். பொடியை ஊதினார். மறுபடி ராவினார். டப்பாவின் அடியில் மிச்சமிருந்த பாலை ஒரு குச்சியால் தொட்டு இரண்டு பக்கமும் தடவினார். பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளை மாறிக் கண்ணாடியாகிற வரைக்கும் அழுத்தக்கூடாது, அழுத்தினால் பிடிக்காது. பிரெஸ் இயந்திரத்திலும் வைக்க முடியாது, ஷூ செய்யும்போது உள்ளே வைத்திருந்த கால் வடிவக் கட்டையை எடுத்தாயிற்று, நசுங்கிவிடும். ஆகவே இரண்டு கட்டைவிரலாலும் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் போயிற்று. விடவில்லை. கார் ஓட்டுநர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அந்த அம்மையார் முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஸ்டெல்லா டீ வரவழைத்தார். நான் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டிருந்தேன். ஏழுமலை நெற்றியில் வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை. ஸ்டெல்லாதான் குனிந்து துடைத்துவிட்டார்.

கடைசியில் விரலை எடுத்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். வாய் மூடியிருந்தது. அந்த அம்மையார் வாங்கி, இழுக்காமல், அப்படியே கைத்தறிப் பையில் போட்டுக்கொண்டார். ஏழுமலைக்குக் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார். பதில் எப்போது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கார் நெடுஞ்சாலையில் ஏறி மறையும்வரை வாசலில் நின்றோம்.

“ஏர்போர்ட் வரைக்கும் நான் கேரண்டி மேடம்” என்றார் ஏழுமலை, கட்டைவிரல்களை உதறிக்கொண்டே. “அதுக்கு மேல எனக்குத் தெரியாது.” ஸ்டெல்லா சிரித்தார். தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளி, “போட்டுக்குங்க, தரை சுடுது” என்றார். ரெக்சின் செருப்பு. போட்டுக்கொண்டேன், மெத்தென்று இருந்தது.

அப்போது கைப்பேசி அடித்தது. குணா.

“என்னக்கா ஆச்சு? அந்த ஆளு இங்க உட்கார்ந்திருக்கான். இயந்திரத்துக்குப் பதில் கேக்குறான்.”

“எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா.”

அந்தப் பக்கம் எங்கள் கொட்டகையின் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “இப்ப இவனுக்கு என்ன சொல்ல?” என்று மட்டும் கேட்டான். சின்ன வயதில் இருந்து எந்த முடிவையும் அவன்தான் எடுப்பான், நான் கூட நின்று பயப்படுவேன். அதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

“விக்கல, போகச் சொல்லிடு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது.